கழுத்துல தைராய்டு கட்டின்னு சொல்லிட்டாங்களா? ஆப்பரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன பண்ணணும்

நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கம் தைராய்டு மாத்திரை சாப்பிடுற ஆள் இல்லாத வீடு கொறச்சல், அதனால தைராய்டுன்னா யாரும் பெருசா பயப்படுறதில்ல. ஆனா அதே ஆளுக்கு கழுத்துல ஸ்கேன் எடுத்து "கட்டி இருக்கு, சர்ஜனைப் போயி பாருங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டா வீடே கலங்கிப் போயிருது. எங்க சின்னாத்தாவுக்கு தைராய்டு கேன்சர் ஆப்பரேஷன் ஆனப்ப மொதல் ஸ்கேன்லருந்து கடைசி வரைக்கும் கூடவே இருந்தது நான்தான். அதுலருந்து சொந்தத்துல யாருக்குக் கட்டின்னாலும் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருவாக. நான் டாக்டர் இல்ல, ஆனா டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், எதை அவசரமா பண்ணணும், எதுக்கு அவசரமே வேண்டாம்னு சொல்ல முடியும், அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும். ரத்தத்துல டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடி சுரப்பி அனுப்புற ஹார்மோன், தைராய்டு சுரப்பு கொறைஞ்சா இது கூடும்) கூடியிருக்கு, தைராய்டு சுரப்பு கம்மி, உடம்பு போடுது, முடி கொட்டுதுங்கிறதுக்கெல்லாம் ஆப்பரேஷன் கிடையாது, அதுக்கு மாத்திரைதான். ஆப்பரேஷன்னு பேச்சு வர்றது மூணு காரணத்துக்கு. கேன்சர்னு தெரிஞ்சிருச்சு இல்ல கேன்சரா இருக்குமோன்னு சந்தேகம் தீரல, அது ஒண்ணு. கழலை பெருசாகி மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அமுக்குது, படுத்தா மூச்சு முட்டுது, சோறு முழுங்குனா சிக்குது, அது ரெண்டாவது. சுரப்பு அளவுக்கு மீறிப் போயி மாத்திரைக்கு அடங்கல, அது மூணாவது. உங்களுக்கு இந்த மூணுல எதுன்னு டாக்டர் வாயாலயே கேட்டு வாங்கிக்கிங்க, ஏன்னா அடுத்து வர்ற எல்லா முடிவும் இதை வச்சுத்தான்.

கண்ணாடி முன்னாடி ஒரு சோதனை

வீட்டுலயே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு, தலையை லேசா பின்னாடி சாச்சு, ஒரு டம்ளர் தண்ணியை மடக்கு மடக்கா முழுங்கணும். குரல்வளை மேட்டுக்குக் கீழ, காறை எலும்புக்கு மேல இருக்குற இடத்தைப் பாருங்க. முழுங்கும்போது ஏதாவது உருண்டையா மேல ஏறி கீழ எறங்குச்சுன்னா அது தைராய்டுல இருக்குற கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். எங்க சின்னாத்தாவுக்கு கழுத்துல சங்கிலி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நிக்குதுன்னு கவனிச்சது அவுக மருமக, அதுக்கப்புறம்தான் இந்த தண்ணி சோதனையே. இதுல ஒண்ணும் தெரியலன்னா கட்டியே இல்லன்னு அர்த்தம் ஆகிறாது, சின்னக் கட்டி ஸ்கேன்ல மட்டுந்தான் தெரியும். ஆனா கட்டி திடுதிப்புன்னு வளருது, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, குரல் கம்மிப் போயி மூணு வாரமாச்சு, கழுத்துப் பக்கவாட்டுல நெறி கட்டியிருக்கு, சின்ன வயசுல கழுத்துக்கு ரேடியேஷன் கொடுத்திருக்காங்க, இல்ல வீட்டுல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்திருக்கு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

ரொம்பப் பேர் கட்டின்னதும் கேன்சர்னே முடிவு பண்ணி அழ ஆரம்பிச்சிருறாங்க. தைராய்டுல வர்ற கட்டில 100க்கு 90க்கு மேல சாதாரணக் கட்டிதான். இதை ஆறுதலுக்காக சொல்லல, நிஜம் அதுதான்.

டெஸ்ட் எடுக்குற வரிசை முக்கியம்

நேரா சிடி ஸ்கேனுக்கு ஓடாதீங்க. மொதல்ல டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட். அது ரொம்பக் கம்மியா இருந்தா, அதாவது சுரப்பு கூடியிருந்தா, நியூக்ளியர் ஸ்கேன் ஒண்ணு எழுதுவாங்க, ஏன்னா அதிகமா சுரக்குற கட்டி கேன்சரா இருக்குறது அபூர்வம். டிஎஸ்ஹெச் சரியா இருந்தாலோ கூடியிருந்தாலோ அடுத்தது கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட், இது காரைக்குடியிலயே எடுத்துரலாம். எடுக்கும்போது கட்டியோட அளவு, டைராட்ஸ் நம்பர், பக்கவாட்டு நெறிகள் எல்லாம் ரிப்போர்ட்ல வரணும்னு சொல்லிட்டு எடுங்க. டைராட்ஸ்ங்கிறது 1லருந்து 5 வரைக்கும் ஒரு மார்க், மார்க் கூடக்கூட சந்தேகம் கூடுது. 5ன்னா 1 சென்டிமீட்டர் இருந்தாலே ஊசி டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, 4ன்னா ஒன்றரை சென்டிமீட்டர், 3ன்னா ரெண்டரை சென்டிமீட்டர். அதுக்குக் கீழன்னா அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டே வர்றதுதான், சும்மா குத்திப் பார்க்கத் தேவையில்ல.

ஊசி டெஸ்ட்டை எஃப்என்ஏசின்னு எழுதுவாங்க. ரத்தம் எடுக்குற ஊசியை விட மெல்லிசான ஊசி, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே கட்டிக்குள்ள விட்டு கொஞ்சம் செல்லை உறிஞ்சி எடுப்பாங்க, மயக்க மருந்து வேண்டாம், கொஞ்ச நேரத்துல வீட்டுக்கு வந்துரலாம். "ஊசி குத்துனா கேன்சர் உடம்பு பூராம் பரவிரும்"னு நம்ம ஊருல ஒரு பேச்சு இருக்கு, அதை நம்பி டெஸ்ட்டே எடுக்காம வருஷக்கணக்கா விட்டு நெறியெல்லாம் பரவுன பிறகு வர்றவங்க இருக்காங்க. அது உண்மை இல்லவே இல்ல. தயவுசெஞ்சு குத்திக்கிங்க.

ஊசி ரிப்போர்ட்ல பெதெஸ்டா 1லருந்து 6ன்னு ஒண்ணு போட்டிருக்கும். 1ன்னா செல் பத்தல, திரும்ப எடுக்கணும். 2ன்னா சாதாரணக் கட்டி, இதுல கேன்சர் இருக்குறது 100ல மூணு நாலு பேருக்குத்தான். 6ன்னா கிட்டத்தட்ட உறுதியா கேன்சர். 5ன்னா நாலுல மூணு பேருக்கு கேன்சரா இருக்கும். நடுவுல இருக்குற 3ம் 4ம்தான் தூக்கத்தைக் கெடுக்குறது, ஆமாவும் இல்ல, இல்லைன்னும் இல்ல. 3ன்னா பெரும்பாலும் கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை குத்திப் பார்ப்பாங்க. 4ன்னா ஃபாலிகுலர் வகை சந்தேகம். இந்த வகையில சாதாரணக் கட்டியும் கேன்சரும் செல்லளவுல ஒரே மாதிரி இருக்கும், கட்டி அதோட உறையை மீறி வெளிய போயிருக்கா, ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கான்னு பார்த்தாத்தான் தெரியும், அதுக்கு முழுக் கட்டியும் வேணும். ஊசி டெஸ்ட்டை நாலு லேப்ல எடுத்தாலும் பதில் வராது. அதனால அந்தப் பக்கத்தை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புற ஆப்பரேஷனே இங்க டெஸ்ட்டும் ஆகிருது.

என்ன வகை கேன்சர்னு கேளுங்க

தைராய்டு கேன்சர்ல 100க்கு 80 பேருக்கு மேல வர்றது பாப்பிலரி வகை. மெதுவா வளரும், நெறிக்குப் பரவியிருந்தாலும் வைத்தியத்துக்கு நல்லா கட்டுப்படும். அடுத்தது ஃபாலிகுலர், இதுவும் பரவாயில்ல. மெடுல்லரிங்கிறது கொஞ்சம் பேருக்குத்தான் வரும், சில வீடுகள்ல பரம்பரையா வரும். அனப்பிளாஸ்டிக்னு ஒண்ணு பெரும்பாலும் வயசானவங்களுக்கு வர்றது, அது வேகமானது, அதுக்கு மட்டும் ஒரு வாரம் கூட காத்திருக்கக் கூடாது. பாப்பிலரில வயசும் ஒரு கணக்கு, 55 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஸ்டேஜ் 1, 2 ரெண்டுதான், நுரையீரலுக்குப் போயிருந்தாலும் 2தான், ஏன்னா அந்த வயசுல குணமாகுறது அவ்வளவு நல்லா இருக்கு. ஸ்டேஜ் 4ன்னு எங்கயோ படிச்சுட்டு நெஞ்சடைச்சுப் போறதுக்கு முன்னாடி உங்க வயசுக்கு என்ன ஸ்டேஜ்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பாதியா, முழுசா

இதுதான் நான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்றது. "தைராய்டை எடுக்கப் போறாங்க"ன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள போகாதீங்க. எவ்வளவு எடுக்கப் போறாங்க, ஏன் அவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கையெழுத்து வாங்குற பேப்பர்ல ஆப்பரேஷன் பேரு இருக்கும், படிக்காம போடாதீங்க.

தைராய்டுக்கு ரெண்டு பக்கம், நடுவுல ஒரு சின்ன இணைப்பு. ஒரு பக்கத்தையும் அந்த இணைப்பையும் மட்டும் எடுக்குறது ஹெமிதைராய்டெக்டமி. ரெண்டு பக்கத்தையும் எடுக்குறது டோட்டல் தைராய்டெக்டமி. பாதி எடுத்தா என்ன லாபம்னா, மீதிப் பாதி உடம்புக்கு வேணுங்கிறதைச் சுரக்கும், அஞ்சு பேர்ல நாலு பேர் போல மாத்திரை இல்லாமலே இருந்துருவாங்க, கால்சியம் கொறையுற பயம் அனேகமா இல்ல, குரல் நரம்புலயும் ஒரு பக்கம்தான் கை வைக்கிறாங்க. கேன்சர்னு ஆனவங்களுக்கு மட்டும் டிஎஸ்ஹெச்சைக் கொஞ்சம் கீழ வைக்கணும்னு மாத்திரை கொடுக்கலாம். முழுசா எடுத்தா மறுபக்கத்துல திரும்ப வருமோங்கிற கவலை இல்ல, பின்னாடி ரேடியோ அயோடின் (தைராய்டு செல்லுக்குள்ள போயி அதை அழிக்கிற கதிர்வீச்சு மருந்து) கொடுக்கலாம், ரத்தத்துல தைரோகுளோபுலின் (தைராய்டு செல் மட்டும் சுரக்குற புரதம்) பார்த்து கேன்சர் திரும்புதான்னு சுலபமா கண்டுபிடிக்கலாம். ஆனா ஆயுசு பூராம் மாத்திரை.

பாப்பிலரி கேன்சர் 1 சென்டிமீட்டருக்கும் கம்மி, நெறிக்குப் போகல, பக்கத்துல எதையும் ஒட்டலன்னா ஆப்பரேஷனே பண்ணாம ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்துக்கிட்டே இருக்குறதும் ஒரு வழி. ஜப்பான்ல கோபே நகரத்துல இருக்குற குமா ஹாஸ்பிட்டல்ல 1993லருந்து இப்படிப் பார்த்துக்கிட்டு வர்றாங்க, பெரும்பாலானவங்களுக்குக் கட்டி வளரவே இல்ல. சோதனைக்கு ஒழுங்கா வர்ற ஆளுக்குத்தான் இது ஒத்து வரும். 1லருந்து 4 சென்டிமீட்டர் வரைக்கும், ஒரு பக்கம் மட்டும், பரவலன்னா பாதி போதுமான்னு கட்டாயம் கேளுங்க, பல பேருக்குப் போதும். 4 சென்டிமீட்டருக்கு மேல, ரெண்டு பக்கமும் கட்டி, நெறிக்கோ வேற எடத்துக்கோ பரவியிருக்கு, கட்டி உறையைத் தாண்டிப் போயிருக்குன்னா முழுசுதான். நெறியில கேன்சர் இருந்தா கழுத்துப் பக்கவாட்டு நெறிகளையும் சேத்து எடுப்பாங்க, அப்ப தழும்பு நீளமாகும், தோள்பட்டை கொஞ்ச நாளைக்குப் பாரமா இருக்கும், அதுக்கு ஃபிசியோதெரபி உண்டு.

பாதி எடுத்து, பயாப்ஸி ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்து, அதுவும் மோசமான அடையாளத்தோட வந்தா, மீதியையும் எடுக்க இன்னொரு ஆப்பரேஷன் வரலாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா "மொத தடவை டாக்டர் தப்பு பண்ணிட்டாரு"ன்னு மனசு சுணங்காது.

தழும்பு தெரியக் கூடாதுன்னு வாய்க்குள்ள கீழ் உதட்டு ஓரமா ஓட்டை போட்டு, இல்ல அக்குள் வழியா கேமரா விட்டு பண்றதும் இருக்கு. சின்னக் கட்டிக்கு, அதுல நல்லாப் பழகுன சர்ஜனா இருந்தா சரி. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுக்கு, கழுத்துருவைப் பூட்டுற அன்னைக்கு கழுத்துல தழும்பு தெரியுமேன்னு ஆத்தாமார் கவலைப்படுறது எனக்குப் புரியுது, ஆனா கழுத்து மடிப்புலயே வெட்டி நல்லாத் தைச்ச தழும்பு ஒரு வருஷத்துல மெல்லிசு கோடா ஆகிரும். பரவுன கேன்சருக்குத் தழும்பைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. சாதாரணக் கட்டி பெருசா இருந்து தொந்தரவு பண்ணுனா, வெட்டாம ஊசி மாதிரி கம்பி விட்டுச் சூட்டுல சுருக்குற ரேடியோ ஃப்ரீக்வென்சி வைத்தியமும் பெரிய ஊர்கள்ல இருக்கு.

சுரப்பு கூடுன கிரேவ்ஸ் நோய்க்கு வேற கணக்கு. ஒன்னு ஒன்றரை வருஷம் கார்பிமசோல் மாத்திரை, அடங்கலன்னா ரேடியோ அயோடின் இல்ல முழு ஆப்பரேஷன். கண்ணு பிதுங்கியிருக்கிறவங்களுக்கு ரேடியோ அயோடின் கண்ணை இன்னும் கெடுக்கலாம், அவங்களுக்கு ஆப்பரேஷன் மேல். எதுவானாலும் சுரப்பை மாத்திரையால நார்மலுக்குக் கொண்டு வந்துட்டுத்தான் கத்தி வைக்கணும், இல்லாட்டி மயக்கம் கொடுக்கும்போது உசுருக்கே ஆபத்தாகலாம். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்துச்சுன்னா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வெள்ளை அணு டெஸ்ட் எடுக்கணும், இதைச் சாதாரணச் சளின்னு விட்டுராதீங்க.

எங்க போறது, யார்கிட்ட போறது

தைராய்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் குரல் நரம்பு ஒட்டிக்கிட்டுப் போகுது, அரிசி அளவுல நாலு பாராதைராய்டு சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்கு, கால்சியத்தைக் கட்டுப்படுத்துறது அதுதான். இதெல்லாத்தையும் காப்பாத்திக்கிட்டு தைராய்டை மட்டும் உரிச்சு எடுக்குற கை வேணும். அதனால டாக்டர்கிட்ட மரியாதையாவே கேக்கலாம்: "ஐயா, வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆப்பரேஷன் பண்றீக? குரல் போனது, கால்சியம் நிரந்தரமா கொறைஞ்சது எத்தனை பேருக்கு?" அடிக்கடி பண்றவங்க இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. பழகுன கையில குரல் நரம்பு நிரந்தரமா கெடுறது 100ல ஒருத்தருக்குப் பக்கமா, கால்சியம் நிரந்தரமா கொறையுறது 100ல ஒண்ணுலருந்து மூணு பேருக்கு.

நமக்கு மதுரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கு, பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கு. திருச்சியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். சிவகங்கையிலயும் புதுக்கோட்டையிலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. சென்னைன்னா எம்எம்சில (சென்னை மருத்துவக் கல்லூரி) என்டோக்ரைன் சர்ஜரிக்குன்னே தனித் துறை இருக்கு, வேலூர் சிஎம்சியிலயும் இருக்கு. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில பொறந்தவங்க, கூடப்பொறந்த தங்கச்சியைக் கேன்சருக்குப் பறிகொடுத்த வேதனையில அலைஞ்சு திரிஞ்சு கட்டுனது அது. காலையில பல்லவன் ரயில் ஏறுனா மதியத்துக்குள்ள சென்னை, ஆனா அன்னைக்கே ஓபி பார்க்க முடியாது, தங்குற ஏற்பாட்டோட போங்க.

செலவைப் பத்தி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பம் சேரலாம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கொடுக்குற வருமானச் சான்று எடுத்துக்கிட்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற மையத்துக்குப் போங்க. அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்குற காப்பீட்டு டெஸ்க்ல "இந்த ஆப்பரேஷன், ரேடியோ அயோடின் ரெண்டும் இங்க இந்தத் திட்டத்துல வருமா"ன்னு கேட்டு அப்ரூவல் வாங்கிருங்க. காசு கட்டிட்டுப் பின்னாடி கேட்டா அலைச்சல்தான்.

ஆப்பரேஷனுக்கு முன்னாடி

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு சின்னக் கேமரா விட்டு குரல் நாண் ரெண்டும் ஆடுதான்னு பார்க்கணும், ஆப்பரேஷனுக்குப் பிறகு குரல் மாறுனா ஒப்பிட்டுப் பார்க்க இது வேணும். ரத்தத்துல கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்க, வைட்டமின் டி கொறச்சலா இருந்தா முன்னாடியே ஏத்திக்கிறது நல்லது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் இளக்குற மாத்திரை, சுகர் மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் எது சாப்பிட்டாலும் ஒளிக்காம சொல்லுங்க. கழுத்தெலும்பு தேய்மானம் இருந்தா அதையும், ஏன்னா தோளுக்குக் கீழ தலகாணி வச்சு கழுத்தைப் பின்னாடி வளைச்சுத்தான் பண்ணுவாங்க.

தாலி விஷயம். கழுத்துல ஆப்பரேஷன், மின்சாரக் கருவி வச்சு ரத்தத்தை நிறுத்துவாங்க, தங்கம் ஒண்ணும் இருக்கக் கூடாது. இதை தியேட்டர் வாசல்ல வச்சு நர்ஸ் சொல்லும்போது வயசானவங்க ஒடிஞ்சு போயிருறாங்க. எங்க வீட்டுல அப்பத்தாதான் வழி சொன்னாக. மொத நாளே வீட்டுல சாமி முன்னாடி விளக்கேத்தி, தாலியைக் கழட்டி பூஜை அறையில வச்சுட்டு, மஞ்சக் கயிறை வலது கை மணிக்கட்டுல கட்டிவிட்டாக. நர்ஸ்கிட்ட முன்னாடியே சொன்னதால அதை ஒண்ணும் சொல்லல, சின்னாத்தாவும் அழாம உள்ள போனாக.

முடிஞ்ச பிறகு மொத ரெண்டு நாள்

கூட இருக்குறவங்க தூங்காம கவனிக்க வேண்டியது மொத நாள் ராத்திரி. கழுத்து திடீர்னு வீங்குது, கட்டு இறுக்கமாகுது, மூச்சு விடக் கஷ்டம், பேச்சு திணறுதுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், ஒரு நிமிஷம் கூட யோசிக்காம கத்தி நர்ஸைக் கூப்பிடணும். நூத்துல ஒருத்தருக்கு வர்றதுதான், ஆனா பெரும்பாலும் மொத 24 மணி நேரத்துக்குள்ள வரும். இதுக்காகத்தான் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புனாலும் நான் இருங்கன்னு சொல்லுவேன், அதுவும் ஊருக்கு ரெண்டு மணி நேரம் காருல வரணும்னா.

கால்சியம் கொறையுறது முழுசா எடுத்தவங்களுக்கு. ரெண்டாவது நாள் காலையில சின்னாத்தா, "வாயைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்குடி, கட்டைவிரலு மரத்துப் போச்சு"ன்னாக. அதுதான் அடையாளம். உதடு, விரல் நுனி, பாதம் சுருசுருங்கும், அப்புறம் கை விரல் தானா மடங்கி இழுக்கும். சொன்ன உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, கால்சியம் 7.4, நார்மல் 8.5க்கு மேல இருக்கணும். ஊசில மெதுவா ஏத்துனாங்க, மதியத்துக்குள்ள சரியாச்சு. இது பாராதைராய்டு அதிர்ச்சியில கொஞ்ச நாள் வேலை செய்யாம இருக்குறது, நாலு பேர்ல ஒருத்தருக்குப் போல வரும், சில வாரத்துல பெரும்பாலும் திரும்பிரும். அதுவரைக்கும் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் (ஒரு வகை வைட்டமின் டி) சொன்ன நேரத்துக்குச் சாப்பிடணும், நல்லா இருக்கேன்னு தானா நிறுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு கை இழுத்தா ராத்திரியானாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயி "தைராய்டு ஆப்பரேஷன் ஆகியிருக்கு, கால்சியம் பாருங்க"ன்னு சொல்லுங்க.

குரல் கம்மியிருக்குறது மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள்ள குழாய் விட்டதாலயும் இருக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல தேறும். தண்ணி குடிச்சா புரையேறுது, குரல் காத்தா வருது, ஒரு மாசமாகியும் சரியாகலன்னா திரும்ப குரல் நாண் பார்த்து பேச்சுப் பயிற்சி ஆரம்பிக்கணும். சாப்பாட்டுக்கு மொத நாலஞ்சு நாள் இடியாப்பம், ரசம் சோறு, கஞ்சி, நல்லா வெந்த இட்லி போதும், காரக்குழம்பை ஒரு வாரம் தள்ளி வைங்க. மூணு நாலு வாரத்துக்குக் குடம் தூக்குறது, சிலிண்டர் நகத்துறது வேண்டாம். தழும்புல வெயில் படாம ஆறு மாசம் சேலைத் தலைப்பைச் சுத்திக்கிங்க, கனமான சங்கிலி உரசாம பார்த்துக்கிங்க.

தைராக்சின் மாத்திரையை எப்படிச் சாப்பிடுறது

கோக்கர்னு சுவிட்சர்லாந்து டாக்டர், தைராய்டு ஆப்பரேஷனை ஆபத்தில்லாததா மாத்துனதுக்காக 1909ல நோபல் பரிசு வாங்குனவர். முழுசா எடுத்த பிள்ளைகள் வளராம மந்தமாகிட்டதை அவரே பார்த்துக் கலங்கி 1883ல எழுதினார். அப்ப மாத்திரை கிடையாது, இப்ப தைராய்டு சுரப்புக்குப் பதிலா தைராக்சின் மாத்திரை இருக்கு, அதை ஒழுங்கா சாப்பிடுறதுதான் நம்ம வேலை.

எந்திரிச்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் காபி கூடக் கிடையாது, நம்ம பக்கம் ஃபில்டர் காபி இல்லாம கண்ணு தொறக்காதவங்க மாத்திரையைத் தலமாட்டுலயே தண்ணியோட வச்சுக்கிட்டு அலாரம் அடிச்சதும் போட்டுட்டுக் கொஞ்சம் படுத்துக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி, ரெண்டையும் சேத்துப் போட்டா தைராக்சின் உடம்புல சேராது. பிள்ளையார் நோன்பு, சஷ்டி விரதம்னாலும் நிறுத்தாதீங்க. தை மாசம் பழனிக்கு நடக்குறவங்க மாத்திரை பாட்டிலை வெயில் படாம பைக்கு உள்ள வைங்க, சூடு பட்டா வீரியம் போயிரும். டோஸ் மாத்துனா ஆறுலருந்து எட்டு வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச். முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டா டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி நிறுத்துங்க, ரிப்போர்ட் தப்பாக் காட்டும்.

கேன்சருக்காக எடுத்தவங்களுக்கு சில சமயம் டிஎஸ்ஹெச்சை வேணும்னே நார்மலுக்குக் கீழ வச்சிருப்பாங்க. அது தெரியாம வேற டாக்டர் "கம்மியா இருக்கே"ன்னு டோஸைக் கொறைச்சிருவாங்க. உங்க டார்கெட் எவ்வளவுன்னு கேட்டு ஃபைல் முதல் பக்கத்துல எழுதி ஒட்டுங்க.

ரேடியோ அயோடினும் நம்ம சாப்பாடும்

எல்லாருக்கும் வேண்டாம், சின்னதா பரவாம இருந்தா தேவையே இல்ல. கொடுக்குறாங்கன்னா முன்னாடி ரெண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு, தைராக்சினை மூணு நாலு வாரம் நிறுத்தணும் இல்ல அதுக்குப் பதிலா ஒரு ஊசி, அது விலை கூட. அந்தச் சமயத்துல சோர்வும் வீக்கமும் இருக்கும், வீட்டுல வேலை வாங்காதீங்க.

மீன், நண்டு, இறால், கருவாடு, முட்டை மஞ்சக்கரு, பால், தயிர், கடைப் பலகாரம், விசேஷ வீட்டுப் பந்தி எல்லாம் கிடையாது. உப்புதான் பெரிய பிரச்சினை, கல் உப்புலயும் இப்ப அயோடின் சேத்து வருது, இந்துப்பு பாக்கெட்டையும் படிச்சுப் பார்த்து வாங்கணும், எது வாங்குறதுன்னு நியூக்ளியர் மெடிசின்லயே கேளுங்க. வீட்டுல ஏற்கனவே போட்டு வச்சிருக்குற ஊறுகாய், மோர்மிளகாய், வத்தல், உப்புக்கண்டம் எல்லாத்துலயும் பழைய உப்பு, அதனால தொடக் கூடாது. சோறு, பருப்பு, காய்கறி, பழம், தேங்காய்ப்பாலோட இடியாப்பம், கடுங்காபி, கொஞ்சம் ஆட்டுக்கறி அயோடின் இல்லாத உப்புல சமைச்சா போதும். சிடி ஸ்கேன்ல போடுற கான்ட்ராஸ்ட் மருந்துலயும் அயோடின் இருக்கு, ரெண்டு மாசத்துக்குள்ள போட்டிருந்தா சொல்லிருங்க. கர்ப்பமா இருந்தா கொடுக்கவே கூடாது, கொடுத்த பிறகு ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் கர்ப்பம் தள்ளிப் போடணும், தாய்ப்பால் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்.

டோஸ் கூடன்னா ஆஸ்பத்திரில தனி அறையில ரெண்டு மூணு நாள், யாரும் கூட இருக்க முடியாது. வீட்டுக்கு வந்தும் சொன்ன நாள் வரைக்கும் பேரப்பிள்ளைகளையும் கர்ப்பமா இருக்குறவங்களையும் தள்ளி வைக்கணும், தனிப் படுக்கை, தனித் தட்டு, கக்கூஸ் போனா ரெண்டு தடவை தண்ணி ஊத்தணும், நிறைய தண்ணி குடிக்கணும். நம்ம பெரிய வீடுகள்ல வளவுல ஒரு அறையை ஒதுக்கிக் கொடுக்கலாம், ஆனா பிள்ளைக வந்து கட்டிப் பிடிக்காம யாராவது வாசல்ல உக்காந்துதான் பார்த்துக்கணும். பயந்து ஒதுக்குறோம்னு நோயாளி நெனைச்சிரக் கூடாது, ஃபோன்ல பேசிக்கிட்டே இருங்க.

அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷத்துல கழுத்து ஸ்கேன், தைரோகுளோபுலின், அதோட ஆன்டிபாடி. ஆன்டிபாடி பார்க்காம தைரோகுளோபுலின் மட்டும் பார்த்தா நம்ப முடியாது, ரெண்டும் சேத்து ஒரே லேப்ல எடுங்க. பயாப்ஸி ரிப்போர்ட் ஒரிஜினலை யாருக்கும் கொடுத்துராதீங்க, பிள்ளைக சிங்கப்பூர்ல, மலேசியாவுல இருந்தா ஒரு காப்பி அவுககிட்டயும் இருக்கட்டும். ரெண்டாவது கருத்து கேக்கணும்னா ஆஸ்பத்திரி லேப்ல இருந்து ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த சதையைப் பாதுகாத்து வச்சிருக்குற கண்ணாடியும் மெழுகுக் கட்டியும்) கேட்டு வாங்கிக்கலாம்.

பயாப்ஸில மெடுல்லரின்னு வந்தா மட்டும் இன்னொரு வேலை இருக்கு. நாலுல ஒருத்தருக்கு அது பரம்பரையா வர்றது, அதனால ரெட் (RET) ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அதுல மாற்றம் இருந்தா கூடப்பொறந்தவங்க, பிள்ளைக எல்லாருக்கும் ரத்த டெஸ்ட் எடுக்கணும், கட்டி வர்றதுக்கு முன்னாடியே சின்னப் பிள்ளையில தைராய்டை எடுத்துக் காப்பாத்த முடியும். சம்பந்தம் பேசுற வீட்டுக்குத் தெரிஞ்சிருமோன்னு இதை மூடி வைக்கிறாங்க. தெரிஞ்சா தெரியட்டும், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயி எடுத்துருங்க.